சோகை பிடித்த மனம்

(கந்தர்வக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. ஒரு பொம்பளை கைவேலை ஓடாமல், முகம் தெளியாமல் திண்ணையில் சாய்ந்திருந்தால், "என்னடி, சோகை புடிச்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்று கேட்போம். கேட்கிறவர் மனதில் நோய் என்ற நினைப்பே இருக்காது. சோம்பேறித்தனம், அழுத்தம், வீம்பு என்று அவள் குணத்தைத்தான் குத்திக்காட்டுகிறார். அந்த வசவுக்குள் ரத்தசோகை என்ற நோயின் பெயர் கிடப்பது கேட்கிறவருக்கும் தெரிவதில்லை, கேட்டுக்கொள்கிறவளுக்கும் தெரிவதில்லை. இன்று மாலை, இப்படிக் குணம் என்று நாம் பேர் வைத்துவிடும் நோய்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில் வைத்தியம் பார்த்தவன் நான். ஒரு தவறைச் சொல்லித் தொடங்குகிறேன், என் தவறுதான். முந்திரி உடைக்கும் பெண் ஒருத்தி வந்தாள். வயது நாற்பதுக்குள் இருக்கும். கூட வந்த நாத்தனார்தான் பேசினாள்: "சோறு எறங்க மாட்டேங்குது, பேசுனா பதில் இல்ல, ராத்திரியெல்லாம் கூரையைப் பாத்துக்கிட்டுக் கெடக்கா, கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயி மந்திரிச்சுப் பாத்துட்டோம் சார்." நான் நாடி பிடித்தேன். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகச் சாப்பிடு, மனசைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அந்த உள்ளங்கையில்தான் ஏமாந்தேன். ஆதனக்கோட்டை ரோட்டோரத்தில் முந்திரி வறுத்து உடைக்கிற பெண்களின் கைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு விரலும் உள்ளங்கையும் கறுத்து, தோல் உரிந்து, திரும்பக் கறுத்துப் போயிருக்கும். ரத்தம் குறைந்தால் உள்ளங்கை வெளுக்கும் என்று எங்களுக்குப் பாடம். அந்தக் கை எங்கே வெளுத்துக் காட்டும்? கறுப்புக்கு அடியில் வெளுப்பு ஒளிந்துகொண்டது.

கண்டுபிடித்தது நான் இல்லை, ஒரு கிராம சுகாதாரச் செவிலியர். வேறு வேலையாக அந்த வீட்டுக்குப் போனவர், அவளை வாசல் வெளிச்சத்துக்கு அழைத்துக் கீழிமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்திருக்கிறார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. விரலைப் பார்த்தால் நகம் நடுவில் குழிந்து கரண்டி போல் வளைந்திருந்தது. "வேற என்னம்மா திங்கத் தோணுது?" என்று கேட்டதற்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டே திருநீற்றுக் கட்டியும் செங்கல் துண்டும் என்றாளாம். மறுபடி என்னிடம் அனுப்பிவைத்தார். ஹீமோகுளோபின் 5 சொச்சம். பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது. மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை நிறைய இருந்தது.

கொக்கிப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மண்ணை நன்றாக அறிந்த புழு. அதன் முட்டை மனித மலத்தோடு தரையில் விழுகிறது. நிழலும் ஈரமும் பொலபொலப்பான மணல் கலந்த மண்ணும் இருந்தால் ஓரிரு நாளில் பொரியும். ஒரு வாரம் பத்து நாளில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத இளம்புழு மனிதனுக்குள் புகத் தயாராகிவிடும். வெயில் சுட்டெரிக்கும் பொட்டலில் அது காய்ந்து சாகும். மழைக்காலத்து மரநிழலில் வாரக்கணக்கில் காத்திருக்கும். நம் செம்மண் பூமியில் முந்திரி மரத்தடியை ஒரு தடவை மனக்கண்ணால் பாருங்கள். கிளை தரையைத் தொடும், சருகு மெத்தை போல் கிடக்கும், அடியில் ஈரம் நிற்கும். மலம் கழிக்கப் போவதை நாம் "கொல்லைக்குப் போறேன்" என்றுதானே சொல்கிறோம்? முந்திரி பொறுக்கப் போவதும் கொல்லைக்குத்தான். இரண்டும் ஒரே கொல்லையாக இருந்த ஊர்களில் இந்தப் புழுவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

அது பெரும்பாலும் கால் வழியாகத்தான் உள்ளே வரும். விரலிடுக்கில் தோலைத் துளைத்து நுழைகிறது. கொஞ்சம் அரிக்கும், தடிக்கும். சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சளை அரைத்துப் பூசிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம். அது ரத்தத்தோடு இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போய், மூச்சுக்குழல் வழியே மேலேறித் தொண்டைக்கு வந்து, எச்சிலோடு விழுங்கப்பட்டுக் குடலில் குடியேறுகிறது. குடற்சுவரைக் கவ்வி ரத்தம் குடிக்கிறது. நம் நாட்டில் அதிகம் காணப்படும் வகைப் புழு ஒன்று நாளைக்கு 0.03 மில்லி குடிக்கும். அது என்ன பெரிய அளவா என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளைக்கு 3 மில்லி, மாதத்துக்கு 90 மில்லி, அதாவது அரை டம்ளர் ரத்தம். மாதவிலக்கில் ஒரு பெண் சராசரியாக இழப்பதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இதோடு பிள்ளைப்பேறு, மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடும் பழக்கம் எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அத்தனைக்கும் புழு காரணமில்லை. உணவும் மாதவிலக்கும் அடுத்தடுத்த பிரசவமும் பெரிய காரணங்கள். புழு அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

"அதெல்லாம் வயித்துச் சமாச்சாரம், மனசுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இரும்புச்சத்து ரத்தத்துக்கு மட்டும் வேண்டிய பொருள் இல்லை. உற்சாகம், ஆவல், தூக்கம், நிதானம் இவற்றில் பங்குள்ள டோபமின், செரடோனின் என்ற பொருள்களை மூளை தானே செய்துகொள்கிறது. அவற்றைச் செய்யும் நொதிகள் இரும்பு இல்லாமல் ஓடாது. கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக் குறைவோடு இருந்த பிள்ளைகளைக் கோஸ்டா ரிக்கா நாட்டில் பெட்ஸி லோசாஃப் என்ற மருத்துவர் வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். குறைவைச் சரிசெய்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், 11 முதல் 14 வயதில், அந்தப் பிள்ளைகளிடம் பதற்றமும் மனச்சோர்வும் கவனக் குறைவும் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன.

இன்னொரு வழியும் உண்டு. காய்ச்சல் வந்தால் என்ன செய்கிறோம்? போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். யாரிடமும் பேசப் பிடிக்காது, பிடித்த குழம்புகூட நாக்கில் ஒட்டாது, பிள்ளை மடியில் ஏறினால் எரிச்சல் வரும். இதைக் கிருமி நேராகச் செய்வதில்லை. கிருமியோடு சண்டை போடும் நம் உடம்பு அனுப்பும் ரசாயனச் சேதிகள் மூளைக்குப் போய், "அடங்கிக் கிட" என்று சொல்கின்றன. நாலு நாள் காய்ச்சலுக்கு அது நல்ல ஏற்பாடு. அந்தச் சேதி மாதக்கணக்கில் ஓயாமல் போய்க்கொண்டிருந்தால் மனம் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாள்பட்ட நோய்த்தொற்றுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பை ஆராய்கிறவர்கள் இன்று இந்த இடத்தில்தான் நிறையத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தச் சோர்வைக் குணம் என்று முத்திரை குத்தியது நம் ஊர் மட்டுமில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை விவசாயிகளைச் சோம்பேறிகள் என்று நாடே பேசிய காலம் ஒன்று இருந்தது. சார்லஸ் ஸ்டைல்ஸ் என்பவர் அவர்களிடம் கொக்கிப்புழுவைக் காட்டினார். 1902-இல் பத்திரிகைகள் அதற்குச் சோம்பல் கிருமி என்றே பெயர் வைத்தன. 1909-இல் ராக்பெல்லர் என்ற கோடீஸ்வரர் பத்து லட்சம் டாலர் கொடுத்து ஒழிப்பு வேலை தொடங்கியது. 1916-இல் ராக்பெல்லர் பணத்தில் அதே வேலை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார்? புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்திலிருந்து பஞ்சம் துரத்திப் போன நம் சனங்கள். ஈரமும் நிழலும் நிறைந்த மலைச்சரிவில், வெறுங்காலோடு, லயம் என்ற கக்கூஸ் இல்லாத வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள். கொக்கிப்புழு இல்லாதவர்களைத் தேட வேண்டியிருந்தது. வேலை வாங்கிய கங்காணியின் வாயில் அவர்களுக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

வெறுங்கால் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசாட்சி இடம் தரவில்லை. செருப்பு வாங்கக் காசில்லாததால் மட்டும் நம் மக்கள் வெறுங்காலோடு நடக்கவில்லை. சில தெருக்களில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த சனங்கள் இதே மாவட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கால்களுக்குள் எத்தனை புழு ஏறியது, எத்தனை பேர் அதனால் மந்தம் என்றும் மட்டம் என்றும் பேர் வாங்கினார்கள் என்று எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

அடுத்து மூளைக்குள்ளேயே போய்விடும் புழு. பன்றி நாடாப்புழு. இதில் ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரலாம். மூளையில் கட்டி வருவது அதனால் இல்லை. நாடாப்புழு உள்ள ஒரு மனிதரின் மலத்தில் போகும் முட்டை, கழுவாத கை வழியாகவோ தண்ணீர் வழியாகவோ பச்சைக் காய் வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போகும்போது வருவது அது. கறியே தொடாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும். "நாங்க சைவமாச்சே டாக்டர், எப்படி?" என்று கேட்டு எத்தனை பேர் கலங்கிப்போய் நின்றிருக்கிறார்கள் தெரியுமா? முட்டையிலிருந்து வரும் இளம்புழு ரத்தத்தோடு போய் மூளையில் தங்கிப் பயறு அளவு பையாகிவிடுகிறது. வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு அது சாகத் தொடங்கும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு வரும்.

இந்தியாவில் இந்த நோய் மனித உடம்பில் பதிவான மிகப் பழைய சேதிகளில் ஒன்று 1888-இல் வந்தது. எழுதியவர் ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர். இடம் சென்னை அயனாவரத்து மனநோய் விடுதி. பைத்தியம் என்று சொல்லிப் பூட்டிவைத்த இடத்திலிருந்து அந்தப் புழு நம் மருத்துவ ஏடுகளுக்குள் வந்தது என்பதை நான் மறப்பதேயில்லை. பிரேசிலில் 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூளையில் இந்தப் புழு உள்ள 38 பேரை மனநல மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி செய்த வேலையை இந்த இடத்தில் நன்றியோடு சொல்ல வேண்டும். 1980-களில் வலிப்பு வந்த இளைஞர்களை ஸ்கேன் எடுத்தால், மூளையில் சின்னதாக ஒற்றை வளையம் தெரியும். அதைக் காசநோய்க் கட்டி என்று நாடு முழுக்க நம்பிப் பல மாதம் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அந்தக் கல்லூரியின் மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் அவர்களது குழுவினரும் அந்தக் கட்டிகளை எடுத்துப் பார்த்து, அதிகமும் அது புழுவின் மிச்சம் என்று 1989-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். பெரும்பாலும் தானாகவே கரைந்துபோகும் மிச்சம். பிறகு வேலூர் மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில், ஓயாத வலிப்புள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் என்று தெரிந்தது.

காக்கா வலிப்பு என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். வேப்பிலை அடிப்பார்கள். பொம்பளைப் பிள்ளையாக இருந்தால் வெளியில் மூச்சு விடமாட்டார்கள். என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பெண் மூன்று வருஷம் ராத்திரி மட்டும் வந்த வலிப்பை மறைத்து, படிப்பை விட்டு, வீட்டின் பின்கட்டிலேயே ஒடுங்கிப்போயிருந்தாள். "எனக்கு என்னமோ புடிச்சிருக்கு சார்" என்றாள். ஸ்கேன் எடுத்தோம். ஒரே ஒரு வளையம். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "உன்னைப் பிடித்திருப்பது இதுதான், இத்தனூண்டு" என்று விரலால் காட்டினேன். அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை ஒடுக்கியதில் புழுவின் பங்கு எவ்வளவு, வீட்டின் பயத்துக்கும் ஊரின் வாய்க்கும் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. வலிப்பு நோயைக் காட்டி இந்துத் திருமணத்தை ரத்துச் செய்யலாம் என்றிருந்த சட்டப்பிரிவை 1999-இலேயே எடுத்துவிட்டார்கள். தரகர்களுக்கும் சம்பந்திகளுக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. வலிப்பு உள்ளவர்கள் மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கித் தாங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். மூளையில் உள்ள புழு ஒரே நேரத்தில் செத்தால் வீக்கம் ஏறி ஆபத்தாகும். மருத்துவர் பார்த்து, வீக்கத்துக்கும் சேர்த்து மருந்து கொடுக்க வேண்டும்.

யானைக்கால் நோயில் கதை வேறு. கும்பகோணத்துக்கு அந்தப் பேர் வந்து ஒட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும். அந்த நோயில் புழு தங்குவது நிணநீர்க் குழாயில், மூளைக்கு வருவதில்லை. ஆனால் கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர், புடவையைத் தரை வரை இழுத்துவிட்டுப் பஸ்ஸில் கடைசியாக இறங்குகிற பெண், பேரப் பிள்ளைகூடக் காலைப் பார்த்துப் பயப்படுகிறது என்று அழுகிற கிழவர் ஆகியோரின் மனதைப் பற்றி அந்த நோயின் கணக்கில் நெடுநாள் ஒரு வரியும் இல்லை. 2015-இல் சிலர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். உலகம் முழுவதும் யானைக்கால் உடம்பில் உண்டாக்கும் சுமையைவிட, அந்த நோயாளிகளின் மனச்சோர்வு உண்டாக்கும் சுமை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று வந்தது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றி, காலை உயர்த்தி வைத்தால் வீக்கமும் நாற்றமும் காய்ச்சலும் குறையும். அந்த நாற்றம் குறைவதே மனதுக்குப் பாதி மருந்து என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பூனை மூலம் பரவும் டாக்சோபிளாஸ்மா பற்றி இளைஞர்கள் கைப்பேசியில் நிறையப் பார்க்கிறீர்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கிருமி புகுந்த எலி பூனை வாடைக்குப் பயப்படுவதை விட்டுவிடுகிறது, அது உண்மை. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இதன் தடயம் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகிறது, அதுவும் உண்மை. ஆனால் கூடவே காணப்படுவது காரணமாகிவிடாது. நியூசிலாந்தின் டனிடின் நகரில் ஒரே வயதுக்காரர்களைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வில், மனநிலைக்கும் இந்தக் கிருமிக்கும் சொல்லும்படியான தொடர்பு தென்படவில்லை. நமக்கு இதில் கவலைப்பட வேண்டிய இடம் தண்ணீர்தான். 2004-இல் தொடங்கிக் கோயம்புத்தூரில் 248 பேருக்கு இந்தக் கிருமியால் கண் பாதிப்பு வந்தது. குழாய்த் தண்ணீர் மேல்தான் சந்தேகம் விழுந்தது. ஆகவே வீட்டுப் பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வராதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, மனநோய் என்றாலே வயிற்றுப் பூச்சிதான் என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. மனச்சோர்வுக்கு நூறு வாசல் உண்டு. கடன், குடிகாரப் புருஷன், செத்துப்போன பிள்ளை, பரம்பரை, ஒரு காரணமும் இல்லாமல் வருவது என்று எத்தனையோ. அவற்றுக்கு மனநல மருத்துவமும் பேச்சும் வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் காசில்லாமல் தமிழிலேயே பேசலாம், எழுதிக்கொள்ளுங்கள். அதே மாதிரி, பூச்சி மாத்திரை கொடுத்ததும் ஊரே தெளிந்துவிடும் என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். ஊர் மொத்தத்துக்கும் மாத்திரை கொடுத்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், ரத்த அளவின் சராசரி பெரிதாக ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். புழு உள்ளவருக்கு மாத்திரை பலன் தரும். ஆனால் கக்கூஸும் செருப்பும் சோப்பும் சோறும் சேராவிட்டால், அடுத்த மழைக்கு அதே கொல்லையில் அதே புழு காத்திருக்கும். 2015-லிருந்து பள்ளியிலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். நம் மாநிலத்தில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தருகிறார்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் மட்டும் அந்த முகாமில் போடக் கூடாது. நாற்பதைத் தாண்டியும் முந்திரிக் கொல்லையில் குனிந்து நிமிர்கிறவள் அந்தக் கணக்கில் வரமாட்டாள். அவளாகப் போய்க் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு வெட்கம் குறுக்கே நிற்கிறது. முன்பெல்லாம் மலப் பரிசோதனைக்குத் தீப்பெட்டியில் வைத்து, அதை இலையில் சுற்றி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருவார்கள். இன்று மூடி போட்ட டப்பா கொடுக்கிறோம். அப்போதும் பாதிப்பேர் டப்பாவை வாங்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவதில்லை. தாய்மார்களே, அந்த டப்பாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாளை காலை வெளிச்சத்தில் மகளின் கீழிமையை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள், அவளை உங்கள் இமையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் சொன்ன பெண்ணுக்கு வருகிறேன். ரத்தம் ஏற்றினோம், புழு மாத்திரை கொடுத்தோம், இரும்பு மாத்திரை ஆறு மாதம். மனநல மருத்துவர் ஒருவரிடமும் அனுப்பினேன், ஏனென்றால் சோகை தீர்ந்தால் எல்லாம் தீரும் என்று நானாக முடிவுகட்ட விரும்பவில்லை. நாலாவது மாதம் அவள் தனியாக வந்தாள். நாத்தனார் துணையில்லாமல், ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு. உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டாள். முந்திரி வாங்குகிற யாவாரி எடையில் ஏமாற்றுவது, அதைக் கேட்டால் புருஷன் தன்னையே அதட்டுவது, நாத்தனார் தன் பங்குத் தகரச் சட்டியைத் திருப்பித் தராதது என்று பத்து நிமிடம் ஒரே மூச்சில் பேசினாள். வெளியே வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய குரலை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.